ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஜாமீன்தாரர்

போன வெள்ளிக்கிழமை கோர்ட்டில் கைதட்டிவிட்டேன்.

ஆமாம்... ஹாலுக்கு உள்ளேயே, நீதிபதி மேடையில் உட்கார்ந்திருக்கும்போதே! இரண்டே தட்டுதான். அதற்குள் பக்கத்தில் நின்ற வக்கீல் நிர்மலா என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டாள். நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஐம்பத்தேழு வயதில் எனக்குக் குப்பென்று வியர்த்தது. ஆனால் சொல்கிறேன், அதே மாதிரி இன்னொரு தடவை நடந்தால் மறுபடியும் தட்டுவேன்.

அப்படி என்ன நடந்தது என்கிறீர்களா? வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாச்சு. சிலிண்டர் போட வந்தவரையும் நிற்க வைத்துச் சொல்லியாச்சு. மிச்சம் நீங்கள்தான்.

தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நானும் நாலைந்து பேரும் வாரம் ஒருமுறை சிறைக்குப் போகிறோம். உள்ளே இருப்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்போம். வீட்டுக்குத் தகவல் சொல்வோம். குறைகளை எழுதி மேலே அனுப்பி, பதில் வரும்வரை நச்சரிப்போம். இதைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் ஒரு கடிதமாவது தவறாமல் வரும் - "குற்றவாளிகளுக்கு எதுக்கு மேடம் இவ்வளவு பரிவு?"

கேளுங்கள், தப்பில்லை. ஆனால் உள்ளே இருக்கும் நிறையப் பேர் இன்னும் குற்றவாளியே ஆகவில்லை! வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதிலும் சிலர் கதை இருக்கிறதே... ஜாமீன் கிடைத்திருக்கும். ஆனால் வெளியே வர முடியாது.

அதெப்படி? 'விடலாம்' என்று நீதிபதி எழுதிவிடுவார். ஆனால் 'இவர் ஓடிப்போக மாட்டார், கூப்பிட்ட தேதிக்கு வருவார், நான் பொறுப்பு' என்று வெளியிலிருந்து ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர்தான் ஜாமீன்தாரர். அவர் யார், எங்கே குடியிருக்கிறார் என்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். அதெல்லாம் சரியாகும்வரை? உள்ளேதான்.

செபாஸ்டின் அப்படி மாட்டிக்கொண்டவர். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி வாசலில் நடந்த ஒரு அடிதடியில் அவர் மேலும் வழக்கு. "நான் வெலக்கித்தான் மேடம் வுட்டேன்" என்கிறார். விலக்கினாரா, அடித்தாரா? அதைக் கோர்ட் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஜாமீன் கிடைத்து ஐந்து வாரம் ஆகியும் மனிதர் உள்ளே இருந்தார்.

"ஜாமீன் கெடச்சிடுச்சின்னு சொன்னாங்க. இன்னைக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு சோறு எடுத்து வச்சிட்டுப் பாத்துக்கினே இருந்தோம் மேடம்" என்றார் அவர் மனைவி மேரி. கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை. நாங்கள் போய்ச் சொல்லித்தான் தெரியும்.

அன்றைக்குத்தான் பிரின்சியைப் பார்த்தேன். செபாஸ்டினின் மகள், மூன்றாம் வகுப்பு. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன் தைத்து வந்தாச்சு. தலைக்கு வைக்கிற வெள்ளைப் பூ கிரீடம் ரெடி. ஆனால் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பா வராம நான் வாங்க மாட்டேன். ஃபாதராண்ட சொல்லிட்டேன்."

"ஃபாதர் என்ன சொன்னாரு?"

"ஜெபம் பண்ணச் சொன்னாரு. பண்ணிட்டுதான் இருக்கேன். நீங்க இன்னா பண்றீங்க?"

எப்படி இருக்கிறது கேள்வி! 'இதோ பண்றேன்டி கண்ணு' என்று வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? தப்புப் பண்ணினேன்.

செபாஸ்டினின் அண்ணன் ஆரோக்கியசாமி எதிர்வீட்டுக்காரர். கொத்தனார். "என் தம்பிக்கு நான் நிக்காம வேற எவன் மேடம் நிப்பான்?" என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார். "அப்ப உங்க கிராம ஆபீஸ்ல சான்று வாங்கிட்டு வாங்க" என்றேன். வேலைக்கு லீவு போட்டு அலைந்து வாங்கி வந்தார். நானும் ஃபைலில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பெருமையாகக் கோர்ட்டில் கொடுத்தேன். ஒரு தடவை படித்துப் பார்த்தேனா? இல்லை!

வியாழக்கிழமை காகிதம் திரும்பி வந்துவிட்டது.

"இது தமிழ்நாடு மேடம்" என்றார் குமாஸ்தா. "வெளி மாநிலத்து ஜாமீனை எடுக்கறதில்லை."

வெளி மாநிலமா? எதிர்வீடுங்க!

சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'தமிழ்நாடு அரசு'.

உள்ளூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன் - பாண்டிச்சேரிக்கு எல்லை நேராக ஓடாது. பாண்டியில் போய்க்கொண்டே இருப்பீர்கள், நடுவில் தமிழ்நாடு வரும், மறுபடி பாண்டி வரும். அந்தச் சகோதரர்கள் தெருவில் தார்ரோடுதான் எல்லை. தம்பி வீடு பாண்டிச்சேரி. எதிரே அண்ணன் வீடு விழுப்புரம் மாவட்டம். அண்ணன் பல் தேய்ப்பது ஒரு மாநிலத்தில், டீ குடிப்பது இன்னொரு மாநிலத்தில். முதலியார்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. நாமெல்லாம் தினம் நாலு தடவை எல்லையைத் தாண்டுகிறோம், எதையாவது நினைத்துக்கொண்டா தாண்டுகிறோம்?

ஆரோக்கியத்துக்கு போன் போட்டுச் சொன்னேன். அவர் கேட்டார் - "ரோடு தாண்டி வந்து குவாட்டர் வாங்கறேன் மேடம். ஒருத்தனும் எந்த ஸ்டேட்டுன்னு கேட்டதில்ல. தம்பிக்குக் கையெழுத்துப் போட மட்டும் ரோடு தாண்டக் கூடாதா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதில் பாதி என் மேலேயே.

நிர்மலா சட்ட உதவி வக்கீல். முப்பது வயதுகூட ஆகவில்லை. நான் புலம்பி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். "வெளி மாநிலத்துக்காரர் ஜாமீன் நிக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல மேடம். இது சும்மா பழக்கம். நாளைக்கு நேரா ஜட்ஜ்கிட்டயே கேட்டுடலாம். நாளைய விட்டா சனி, ஞாயிறு லீவு."

ஞாயிறு! பிரின்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றது கண் முன்னால் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து காத்திருந்தோம். ஆரோக்கியம் சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஒவ்வொரு வழக்காகப் போய்க்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரமும் போனது. மூன்றரை தாண்டித்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். நிர்மலா எழுந்து சுருக்கமாகச் சொன்னாள். நீதிபதி அம்மா காகிதத்தைப் புரட்டினார். பிறகு நேராக ஆரோக்கியத்தைப் பார்த்தார்.

"தம்பி வீடு உங்க வீட்லேர்ந்து எவ்வளவு தூரம்?"

"எதிருக்கம்மா."

"எதிர்னா, எவ்வளவு தூரம்?"

ஆரோக்கியம் யோசித்தார். தப்பாக ஏதாவது சொல்லிவிடுவாரோ...

"அவன் வூட்ல மொளகா தாளிச்சா எங்க வூட்ல தும்முவோம்மா."

ஹாலே சிரித்தது. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்த குமாஸ்தாவும் சிரித்தார். நீதிபதி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு உங்க தம்பி ஓடிட்டா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"எங்க ஓடுவான்மா? கதவத் தொறந்தா எம் மூஞ்சிலதான முழிக்கணும்!"

நீதிபதி அம்மா பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அலுவலர்கள் பக்கம் திரும்பினார். "ஜாமீன்தாரர் எந்த மாநிலம்னு பாத்துத் திருப்பி அனுப்பாதீங்க. ஆள் உண்மையானவரான்னு மட்டும் பாருங்க."

இங்கேதான் ஐயா நான் கைதட்டியது! நீங்களாக இருந்தால் தட்டாமல் இருந்திருப்பீர்களா?

அதோடு முடியவில்லை. விடுதலை உத்தரவு மாலையில் கைதிகளை அடைத்துப் பூட்டும் 'லாக்கப்' நேரத்துக்கு முன்னால் சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் இன்னொரு நாள். நிர்மலா கோர்ட் ஊழியரோடு உத்தரவை எடுத்துக்கொண்டு முன்னால் பறந்தாள். நான் ஆரோக்கியத்தைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் துரத்தினேன். முப்பதுக்கு மேல் ஓட்டாதவள் நான். அன்றைக்கு என்ன வேகம் என்று முள்ளைப் பார்க்கவே இல்லை. "மாதாவே... மாதாவே..." என்று பின்னாலிருந்து ஜெபம் கேட்டுக்கொண்டே வந்தது. தம்பிக்காகவா, என் டிரைவிங்குக்காகவா என்று தெரியவில்லை.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெரிய கேட்டில் இருந்த சின்னக் கதவு திறந்தது. துணிப்பையோடு செபாஸ்டின் குனிந்து வெளியே வந்தார். பழக்கதோஷம், திரும்பி வார்டரிடம் "வரேன் சார்" என்றார்.

"யோவ், வரேன்னு சொல்லாதய்யா! போறேன்னு சொல்லு!" என்று அந்த வார்டர் பதறினார்.

அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். ஆரோக்கியம் தம்பி தலையில் ஒரு தட்டு தட்டி, "சாப்ட்டியாடா?" என்றார். அவ்வளவுதான். அழுதது நான்தான்.

திங்கட்கிழமை காலை நிர்மலாவிடமிருந்து போன். "மேடம், இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்புன இன்னும் ரெண்டு பேரோட பேப்பரை மறுபடி போட்டேன். வாங்கிக்கிட்டாங்க!" எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இத்தனை நாள் வாயைத் திறந்து கேட்க ஆளில்லாமல் அவர்களும் உள்ளே இருந்திருக்கிறார்கள். 'எதுக்கு மேடம்?' என்று கடிதம் எழுதும் அன்பரே, இதற்குத்தான்.

பிரின்சி? வாங்கினாள்! வரிசையில் நின்றபடியே மூன்று தடவை திரும்பி, அப்பா இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள். செபாஸ்டின் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கிக் காட்டினார்.

மதியம் விருந்து. சமையல் பெரியப்பா வீட்டில், பந்தி பிரின்சி வீட்டில். இரண்டு பேர் தூக்க, பிரியாணி அண்டா ஆவி பறக்கத் தமிழ்நாட்டிலிருந்து ரோட்டைத் தாண்டிப் பாண்டிச்சேரிக்கு வந்தது.

யாரும் ஜாமீன் கேட்கவில்லை!