கதவைச் சாத்திய புதன்கிழமை

தேர்வு நடத்தும் நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனதற்கு அடுத்த மாதம், ஆடிப்பெருக்குக்கு மறுநாளான திங்கட்கிழமை அது வந்தது. புதன்கிழமை நான் வீட்டிலிருந்தே எழுதவேண்டிய இணையப் பாதுகாப்புத் தேர்வின் விதிகள் அதில் வரிசையாக இருந்தன. மூன்றாவது விதியைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: தேர்வர் தனியாக இருக்க வேண்டும், அறைக் கதவு மூடியிருக்க வேண்டும், தேர்வு முடியும்வரை வேறு எவரும் உள்ளே வரக்கூடாது, மீறினால் தேர்வு அப்போதே ரத்து.

விதியை எழுதியவர் செஞ்சியில் எங்கள் தெருவைப் பார்த்திருக்க மாட்டார். காலையில் வாசல் தெளிக்கும்போது திறக்கிற கதவை இங்கே இரவு படுக்கப்போகும்போதுதான் சாத்துவோம். ஊருக்குப் போகிறவர்கள் வெளியே பூட்டிவிட்டுப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள். வெளியே பூட்டு இல்லாமல், செருப்பு வாசலில் கிடக்க, பட்டப்பகலில் ஒரு கதவு உள்ளே தாழிட்டிருந்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் பொருள். அதற்கு முந்தைய ஆண்டு பங்குனியில் தெருக்கோடி வீட்டில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தார். கதவை உடைத்துத் தூக்கிப்போனார்கள். பிழைத்துக்கொண்டார். அதிலிருந்து மூடிய கதவுகள்மேல் எங்கள் தெருவுக்கு ஒரு கண்.

எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். மேசையும் இணைய இணைப்பும் கூடத்தில் இருந்தன. ஆகவே அறைக் கதவு என்பது எங்களுக்குத் தெருக்கதவு.

இந்தத் தேர்வுப் பக்கம் வருவதற்கு முன் நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். வல்லம், அவலூர்பேட்டை பக்கத்து நிலங்களின் நான்கெல்லை விவரங்களைத் தட்டச்சு செய்வதும், வில்லங்கச் சான்றைப் பார்த்து ஒரு நிலம் யாரிடமிருந்து யாருக்கு எந்தத் தேதியில் போனது என்று பின்னோக்கிப் போவதும் என் வேலை. தேதி பார்க்கும் பழக்கம் அங்கே வந்து ஒட்டிக்கொண்டது. நாற்பது வயதைத் தொடும்போது இணையப் பாதுகாப்பு பற்றிய ஒரு பாடத்தைத் தற்செயலாகக் கேட்டேன். ஒரு கணினிக்குள் யார், எப்போது, எந்த வழியாக நுழைந்தார் என்பதைப் பதிவுகளை வைத்துத் தேடும் வேலை அது. எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. வேலையை விட்டேன். சென்னையில் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே பார்க்கும் பயிற்சியாளனாக எடுத்துக்கொண்டது. ஒரே நிபந்தனை: பயிற்சி முடியும் வெள்ளிக்கிழமைக்குள் இந்தத் தேர்வில் தேற வேண்டும். தேறினால் வேலை. இல்லையென்றால் அன்றோடு நன்றி, வணக்கம். பத்திர எழுத்தர் என் நாற்காலியில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டார்.

என் மனைவி வல்லத்தில் நர்ஸ். புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள், விடுப்பு கிடைக்காது. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பும்போது கேட்டாள்.

"பக்கத்து ஊட்டு அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவட்டா?"

"வேணாம். சொன்னா தெரு பூரா தெரியும். நாளைக்கு எல்லாரும் ரிசல்ட் கேப்பாங்க."

"கேட்டா கேட்டுட்டுப் போறாங்க."

"வேணாம்ன்றேன்ல."

அவள் பேருந்துக்கு ஓடினாள். நான் கதவைத் தாழிட்டேன். சன்னலையும் சாத்தினேன்.

தேர்வுக் கண்காணிப்பாளர் எங்கோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு திரையின் முன்னால் இருந்தார். முகம் தெரியாது, குரல் கிடையாது. என் திரையின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டியில் ஆங்கிலத்தில் எழுதுவார். அவருக்கு என் முகம் தெரியும், என் சுற்றுப்புறச் சத்தம் கேட்கும். கேமராவைச் சுழற்றிக் கூடம் முழுவதையும் காட்டச் சொன்னார். மேசைக்கு அடியில் காட்டச் சொன்னார். சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைக் கழற்றி வைக்கச் சொன்னார். கைபேசியை அணைத்துச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன். தேர்வு தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் பெட்டியில் ஒரு வரி வந்தது. "உங்கள் உதடு அசைகிறது. இது முதல் எச்சரிக்கை."

பத்திர அலுவலகத்தில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு கையெழுத்துப் படியைக்கூட வாய்க்குள் வாசிக்காமல் அனுப்பியதில்லை. இனி உதட்டைக் கடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். விதிப்படி இரண்டாவது எச்சரிக்கை கிடையாது, அடுத்தது ரத்து.

பாதித் தேர்வுக்கு மேல் வந்திருந்தேன். நான்கு கணினிகளின் பதிவுகளைக் கொடுத்து, தாக்குதல் எந்த வரிசையில் நடந்தது என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பதிவுகள் இந்திய நேரத்தில், இரண்டு கிரீன்விச் நேரத்தில். எனக்குப் பிடித்த கணக்கு. அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

"தம்பி." பக்கத்து வீட்டு அக்கா. மாவு அரைத்து விற்பவர்; என் மனைவியிடம் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்க வேண்டும். "தம்பி, கதவு இன்னா சாத்திக் கெடக்குது?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி, உள்ளதான கீற? செருப்பு இருக்குது." பாத்திரத்தை வைக்கும் சத்தம். மறுபடி தட்டினார், இப்போது உள்ளங்கையால். பிறகு தெருவைப் பார்த்து, "யப்பா, சித்த இங்க வா. இவரு கதவத் தொறக்க மாட்டன்றாரு."

எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார். குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டி ஓட்டுபவர். கண்டக்டர் வீட்டுக் கதவை உடைத்தவர் அவர்தான்.

"தூங்கறாரோ இன்னாவோ."

"இந்நேரத்துக்கு இன்னா தூக்கம்? வேலைய வுட்டுட்டாருல்ல. ஒரு மாசமா மூஞ்சியே சரியில்ல."

"அவுரு மூஞ்சி எப்ப சரியா இருந்துச்சு?"

"வாய வச்சிக்கினு சும்மா இரு. போன் போடு."

"ஸ்விட்ச் ஆஃப்னு வருதுக்கா."

வெளியே அவர்கள் மனதில் ஓடிய கணக்கு எனக்கு நன்றாகப் புரிந்தது. செருப்பு, தாழ், அணைந்த கைபேசி, வேலையை விட்ட மனிதன்.

"அவரு ஊட்டம்மாவுக்குப் போடு."

"போட்டுட்டேன். ஊசி போடற எடத்துல அது எங்க எடுக்கும்?" எதிர்வீட்டுக்காரரின் குரல் மாறிவிட்டது. "அண்ணா. அண்ணா, ஒரு குரல் குடுங்க. கேக்குதா?"

பெட்டியில் எழுத்து வந்தது: "பேச்சுக் குரல் கேட்கிறது. விளக்கம் தேவை."

விளக்கத்தை யோசிப்பதற்குள் வெளியே அவர் சொன்னார். "அக்கா, தள்ளு. வண்டியில கடப்பாரை இருக்குது, எடுத்தாறேன்."

குரல் கொடுத்தால் தேர்வு போகும். கொடுக்காவிட்டால் கதவு போகும், அவர் உள்ளே வருவார், அப்போதும் தேர்வு போகும். அவர்கள்மேல் கோபப்படவும் வழியில்லை. அவர்கள் செய்தது சரி. நானே வெளியே நின்றிருந்தால் கடப்பாரை தேடிப் போயிருப்பேன்.

ஆங்கிலத்தில் தட்டினேன். அண்டை வீட்டார், எனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து கதவை உடைக்கப் போகிறார்கள், ஒரு வார்த்தை பேச அனுமதி வேண்டும்.

பதில் இல்லை. திரையின் மேல் ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டிருந்தது. கடப்பாரை படியில் இடிபடும் சத்தம் கேட்டது. "கீல் பக்கமா வை, கதவு வீணாப் போவாது" என்று யாரோ யோசனை சொன்னார்கள். இப்போது நான்கைந்து குரல்கள் இருந்தன.

பதில் வந்தது. "இருக்கையை விட்டு எழக்கூடாது. முகம் திரையை விட்டு விலகக்கூடாது. ஒரு வாக்கியம் பேசலாம். ஆங்கிலத்தில் மட்டும்."

ஆங்கிலத்தில். அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் எட்டாம் வகுப்பு. உள்ளே மயங்கிக் கிடப்பவன் இலக்கண சுத்தமாக ஆங்கிலம் பேசினால் அவர்களுக்கு அது எதைச் சொல்லும்? கடப்பாரை கீலுக்குள் நுழைந்து மரம் முறுகியது. அவர்கள் வாயில் தினமும் புழங்குகிற சொற்களை மட்டும் பொறுக்கினேன். திரையைப் பார்த்தபடியே, தெருவுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

"ஐ எக்ஸாம், ஹெல்த் ஓகே, டோர் லாக், நோ டென்ஷன் ப்ளீஸ்."

கடப்பாரை நின்றது.

"இன்னா சொல்றாரு?"

"எக்ஸாமாம். ஓகேவாம். டென்ஷன் ஆவாதன்றாரு."

"எதுக்கு இங்கிலீசுல சொல்றாரு? மூள கீள கொழம்பிடுச்சா?"

"எக்ஸாம்னா இங்கிலீசுலதான் பேசணும்போலக்கா."

"இந்த வயசுல இன்னா எக்ஸாம்?"

"போலீசுக்கு இருக்கும்."

"அந்தத் தொப்பைய வச்சிக்கினா?"

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உதடு அசைந்துவிடக்கூடாதே என்று பல்லால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அக்கா போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து காவல் காக்கத் தொடங்கினார். "ஏய், வண்டிய அந்தாண்ட நிறுத்து, உள்ள ஆளு எக்ஸாம் எழுதுது." "மைக்க ஆஃப் பண்ணுய்யா, கீரை நாங்களே வந்து வாங்கிக்கறோம்." அவர் அடக்கிய சத்தங்களைவிட அவர் அதட்டிய சத்தம் பெரிது. ஒவ்வொரு அதட்டலுக்கும் நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். இதோ வரப்போகிறது, ரத்து என்று. பெட்டியில் ஒன்றும் வரவில்லை. கிரீன்விச் நேரத்தையும் இந்திய நேரத்தையும் இரண்டு முறை தப்பாகக் கூட்டி மூன்றாவது முறை சரிசெய்தேன். நேரம் முடிந்து திரை மாறியபோது அதில் மதிப்பெண் இல்லை. "முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. ஒலி, ஒளிப் பதிவைப் பரிசீலித்த பின் தெரிவிக்கப்படும்" என்று மட்டும் இருந்தது.

கதவைத் திறந்தேன். அக்கா எழுந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாஸா, பெயிலா?"

"நிறுத்தி வச்சிருக்காங்கக்கா."

"எதுக்கு? நாங்க கத்தினதுக்கா?"

கேட்கும்போதே அவர் முகம் சுருங்கிவிட்டது. "அந்தக் கம்ப்யூட்டர இப்படித் திருப்பு, நான் சொல்றேன். நாங்கதான் கத்துனோம், அவருக்கு ஒண்ணும் சொல்லித் தரலன்னு. எங்களுக்கு இன்னா தெரியும் அவுருக்குச் சொல்லித் தர?"

"இப்ப அந்தப் பக்கம் யாரும் இல்லக்கா."

கீல் பக்கத்து மரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு விழுந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆசாரியை அழைத்துவருவதாகச் சொன்னார்.

மனைவி மாலையில் வந்து எல்லாவற்றையும் தெருவிலேயே கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். "அப்ப உள்ள நெஞ்சு வலி வந்தாலும் இங்கிலீசுலதான் சொல்லணுமா?" என்றாள். பையை இறக்கி வைத்துவிட்டு, மெதுவாக, "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுவாங்களா?" என்றாள். தெரியாது என்றேன்.

வியாழன் முழுவதும் மின்னஞ்சல் வரவில்லை. சென்னை நிறுவனத்தில் என் மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். வெள்ளி மாலைவரைதான் தன்னால் காத்திருக்க முடியும் என்றார். மறுநாள் ஆடி வெள்ளி என்பதால் தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். அக்கா சொம்பில் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனார். கேட்காமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிற்பகலில் வந்தது. தேர்ச்சி. வாசித்து முடித்ததும் மேலாளருக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை தேதியிட்டுப் பணி உத்தரவு வந்தது. தெருவுக்கு நானே போய்ச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர், போலீஸ் இல்லையா என்று கொஞ்சம் ஏமாந்தார்.

முடிவோடு பரிசீலனைக் குறிப்பு ஒன்றும் இணைத்திருந்தார்கள். அதில் கண்காணிப்பாளர் எழுதியது ஒரே வரி: வெளியே நடந்த உரையாடல் தேர்வரின் உடல்நலம், வயது, தோற்றம் ஆகியவை பற்றியது, தேர்வுக்குத் தொடர்பில்லாதது. இதைப் பல தடவை வாசித்துவிட்டேன். உடல்நலம் என்பதை நான் தட்டி அனுப்பியதிலிருந்தே எழுதியிருக்கலாம். வயதும் தோற்றமும் நான் சொல்லாதவை. அவை வெளியே, எங்கள் தெருப் பேச்சில் மட்டும் வந்தவை. கண்காணிப்பாளருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தமிழ் தெரிந்த யாரோ ஒருவர் பிறகு பதிவைக் கேட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தேர்வு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். கண்காணிப்பாளர்கள் பற்றிய விவரங்களைத் தருவதில்லை என்று பதில் வந்தது. இரண்டில் எது என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.