சுமை ஏற்றாத சோதனை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த டயாலிசிஸ் சென்டரின் பின்புறம் ஜெனரேட்டர் ஓடும். சரியாக ஐந்து நிமிடம். பிறகு ஆபரேட்டர் அதை நிறுத்திவிட்டு, நோட்டில் ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் என் மனைவிக்கு அங்கேதான் ரத்தச் சுத்திகரிப்பு. நான்கு மணி நேரம் அவள் உள்ளே படுத்திருப்பாள், நான் வெளியே நிற்பேன். அந்த ஐந்து நிமிடக் கூத்தை ஏழெட்டு மாதம் பார்த்திருக்கிறேன்.

கூத்து என்றுதான் சொல்வேன். ஓசூர் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் மின்பராமரிப்பு என் பொறுப்பு. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆவது வேறு, சுமையைத் தாங்குவது வேறு. இங்கே ஒரு மெஷினைக்கூட அதில் ஓட்டிப் பார்க்க மாட்டார்கள். பைக்கை ஸ்டாண்டில் போட்டு முறுக்கிவிட்டு, மூன்று பேரோடு தளி மேட்டில் ஏறும் என்று சத்தியம் செய்வதைப் போலத்தான். அதைவிட மோசம், சுமையில்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தால் டீசல் முழுதாக எரியாது, உள்ளே கரி கட்டும். புகைக்குழாயின் வாயில் கருப்பாக எண்ணெய் வடிந்திருந்ததை விரலால் தொட்டே பார்த்தேன். சோதனை, சோதனை என்று வாராவாரம் அந்த இன்ஜினைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நிர்வாகியிடம் போனேன். “ஞாயித்துக்கிழமை பேஷண்ட் யாரும் இல்ல. அன்னிக்கு மெயினை எறக்கிட்டு எல்லா மெஷினையும் ஜெனரேட்டர்ல ஓட்டிப் பாருங்க. ஒரு மணி நேரம் போதும்” என்றேன்.

“சண்டே ஆபரேட்டர் லீவு சார்.”

“நான் வந்து ஓட்டறேன்.”

“வெளியாளுங்கள விட முடியாது சார். எங்க ரிப்போர்ட்டெல்லாம் பக்காவா இருக்கு.” அதோடு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். என் மனைவியின் உயிரைவிட அவருக்கு ஆபரேட்டரின் லீவு பெரிதாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உடனே ஸ்டார்ட் ஆனது. அதைக் குறை சொல்லவே முடியாது. ஆறு மெஷினும், தண்ணீர் சுத்திகரிக்கும் பம்பும், ஏசியும் ஒன்றாக அதன் தலையில் ஏறின. முக்கியது, கரும்புகையைக் கக்கியது, ஒரு நிமிடத்துக்குள் நின்றுபோனது. ஆபரேட்டர் மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி நின்றது.

நான் உள்ளே ஓடினேன். மெஷினுக்குள் பேட்டரி உண்டு. அதுவும் பெயருக்குத்தான் இருந்திருக்கிறது, மூன்று மெஷின்களில் உடனே செத்துவிட்டது. அதில் ஒன்று என் மனைவியுடையது. குழாயில் ரத்தம் அசையாமல் நின்றால் உறைந்துவிடும். உறைவதற்குள் மெஷினில் உள்ள ரத்தப் பம்பைக் கையால் சுற்றி, ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அன்றைக்கு இருந்ததோ இரண்டே நர்ஸுகள். தளியிலிருந்து வரும் கன்னடக்காரப் பெண் ஒருத்தி, “பேகா பேகா!” என்று மற்றவளை அவசரப்படுத்திக்கொண்டே, என் கையில் பம்பின் பிடியைத் திணித்தாள்.

“சார், இந்தப் பக்கமா சுத்துங்க. ஒரே சீரா. நிறுத்தாதீங்க. குழாய நான் பாத்துக்கறேன்.”

சுற்றினேன். என் மனைவியின் ரத்தம் என் கையின் வேகத்தில் நகர்ந்தது. கடைசிச் சொட்டு உள்ளே போய், நர்ஸ் ஊசியை எடுக்கும்வரை நான் பிடியை விடவில்லை.

ஆறு பேரும் பிழைத்தார்கள். ஆனால் யாருக்கும் முழுச் சுத்திகரிப்பு நடக்கவில்லை. நேராக நிர்வாகியின் அறைக்குப் போய் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனுஷனா நீ என்று கேட்டேன். கொலைகாரன் என்றேன். அவர் நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். “பாருங்க சார், ஒரு வாரம்கூட டெஸ்ட் மிஸ் ஆகல. இன்னிக்கும் ஸ்டார்ட் ஆச்சில்ல?” அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அந்த நோட்டைக் கிழித்து எறியாமல் வந்ததே பெரிய விஷயம்.

ஆட்டோவில் மூக்கண்டப்பள்ளி வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்குக் கால் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. நான் இன்னும் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் கேட்டாள்:

“ஏங்க, உங்க கம்பெனி ஜெனரேட்டர நீங்க எப்படிப் பாப்பீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். “இதே மாதிரிதான்” என்றேன். சுமை ஏற்றிப் பார்க்க உற்பத்தி லைனை நிறுத்த வேண்டும். புரொடக்‌ஷன் மேனேஜர் விட மாட்டார். முதல் வருஷம் சண்டை போட்டேன், பிறகு சலித்துவிட்டது. ஐந்து நிமிடம் ஓட்டுவேன், கையெழுத்துப் போடுவேன். கரண்ட் போனால் உலையைக் குளிர வைக்கும் பம்பை ஓட்ட அந்த ஜெனரேட்டர்தான்; அதை நம்பி எங்கள் உலைக்குப் பக்கத்தில் நாற்பது பேர் நிற்கிறார்கள்.

“அப்ப அவர எதுக்கு அந்தத் திட்டு திட்டினீங்க?”

பாதியில் நின்றதை முடிக்க மறுநாள் காலை வரச் சொல்லியிருந்தார்கள். கிருஷ்ணகிரியில் உள்ள டயாலிசிஸ் சென்டருக்குப் போன் போட்டேன், அங்கே கட்டில் காலி இல்லை. பெங்களூரிலும் இல்லை என்றார்கள். காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போய், அதே மெஷின் பக்கத்தில் படுக்க வைத்தேன். அவள் கையை நீட்டினாள், நர்ஸ் ஊசியைக் குத்தினாள்.