நீலப் புகை நின்றது

எங்கள் பழைய காரைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க நீலப் புகை.

"மெக்கானிக் சொல்றாரு, இன்ஜினையே இறக்கணுமாம். பேசாம வித்துடலாம்" என்றார் என் கணவர். வாங்க ஆளும் பார்த்துவிட்டார்.

எனக்கு மனசு வரவில்லை. மைன்ஸில் பம்பு மெயின்டனன்ஸ் பார்ப்பவள் நான். ராத்திரி நின்ற வண்டி முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகைந்தால், ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வால்வு சீல் தேய்ந்து ஆயில் உள்ளே இறங்குகிறது என்றே தோன்றியது.

நேற்று எனக்கு லீவு. இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றினேன். வால்வு உள்ளே விழுந்துவிடாமல் இருக்க, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியே கயிற்றைத் திணித்துத் தாங்கல் கொடுத்தேன். பழைய சீல்கள் விரலில் அப்பளமாக நொறுங்கின. புதியவற்றை மாட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. வால்வு சரியாக உட்கார்ந்ததா என்ற பயத்தில் தூக்கமே வரவில்லை.

இன்று காலை சாவியைத் திருப்பினேன். கணவர் வண்டிக்குப் பின்னால் தரையில் குந்தி சைலன்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புகை ஒண்ணுமே வரலடி!"

அந்தக் கத்தலில் எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா வெளியே வந்துவிட்டார். கணவர் அங்கேயே போனை எடுத்தார். "சார், மன்னிச்சுக்கோங்க. வண்டி விக்கிறதா இல்ல."

அக்கா என்னிடம் வந்தார். "எங்க வூட்டு ஸ்கூட்டரும் பொகைஞ்சிகினே கெடக்குது. பாத்துக் குடும்மா."

பிளாக்கில் வேறு யார் வண்டியெல்லாம் புகைகிறது? கமெண்டில் வரிசையாக நில்லுங்கள். டீ, போண்டா உங்கள் செலவு.