யார் சொல்லிப் போனான் இசக்கி?

எங்கள் பக்கம் கம்பெனி கேட்டில் முதலில் படிப்பைக் கேட்க மாட்டார்கள். "யாருப்பா சொல்லி வந்தே?" என்பார்கள். தென்காசியிலிருந்து வந்த நாங்கள் பதினெட்டுப் பேரும் ஒரே பெயரைத்தான் சொன்னோம்: கோமதிநாயகம். தங்கியதும் சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் அவர் அறையில்தான். எவனுக்காவது காய்ச்சல் என்றால் அவரே கஞ்சி வைப்பார். தங்கமான மனுஷன், அப்போது.

கான்ட்ராக்ட் முடிந்து அவருக்கு வேலை போனது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஓர் ஏஜென்ட் அனுப்பிவைத்தான். அங்கே இறங்கியதும் ஆற்றைக் கடத்தி, மியான்மரில் ஒரு கம்பிவேலிக்குள் அடைத்துவிட்டார்கள். ஆன்லைனில் பெண் பெயரில் பேசி வெளிநாட்டுக்காரர்களிடம் பணம் பிடுங்க வேண்டும். யாரும் சிக்காத நாளில் கரண்ட் ஷாக். பதிலுக்கு ஓர் ஆளை வரவழைத்தால் அடி நிற்கும் என்றார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போனில் வீடியோ கால் வந்தது. கோமதிநாயகம்தான். சிரித்துக்கொண்டே எங்கள் அறை இசக்கியைக் கூப்பிட்டார், பாவி.

"ஏல, ஏசி ரூம்ல உக்காந்து பாக்குற வேலை. யாருகிட்டயும் மூச்சு விடாம கெளம்பி வா."

இசக்கி கம்பெனி பெயரைக்கூடக் கேட்கவில்லை. கோமதி அண்ணன் சொன்னபிறகு என்ன கேள்வி?

ஆறு மாதம் கழித்து நாலு நாட்டுப் போலீஸ் சேர்ந்து அந்த இடத்தை வளைத்தது. தூதரகம் விமானத்தில் அனுப்பிவைத்தவர்களில் கோமதிநாயகம் இருந்தார். இசக்கி இல்லை. அவனை அதற்கு முன்பே வேறு கும்பலுக்கு விற்றிருந்தார்கள். எந்தக் கும்பல், எந்த ஊர் என்று அவருக்குத் தெரியும்.

"நீ யாரையாவது அங்க கூப்பிட்டியா?" என்று இங்கே இறங்கியதும் விசாரித்த அதிகாரி கேட்டார்.

"இல்ல சார்."

இசக்கி இருக்கும் இடத்தைச் சொன்னால் அவனைக் கூப்பிட்டதும் வெளியே வரும்; அவரும் குற்றவாளி. அறைக்கு வந்து இதையெல்லாம் அவர் சொன்னபோது நான் காறித் துப்பாத குறையாகக் கத்தினேன். அவர் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். அய்யோ, அது முதுகாகவே இல்லை. ஆனாலும் இசக்கியின் முதுகு இப்போது எப்படி இருக்கும்?

பழைய கான்ட்ராக்டர் அவரைச் சூப்பர்வைசராகச் சேர்த்துக்கொண்டார். மிச்சமிருந்த எங்கள் பதினேழு பேர் வேலையும் மறுபடி அவர் வாயில்.

இசக்கியின் தங்கை பூமாரி பக்கத்து போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன ஞாயிறு எங்கள் அறைக்கு வந்து என்னிடம்தான் கேட்டாள்.

"அண்ணே, எங்கண்ணன் யார் சொல்லிப் போச்சு? அந்த ஆளப் புடிச்சா எடத்தக் கண்டுபுடிச்சிரலாம்னு ஆபீசர் சொல்லுதாவ."

கோமதிநாயகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா" என்றேன்.

அவர் எழுந்து போய் அவளுக்கு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

"நீங்களாவது உசுரோட வந்தியளேண்ணே" என்று சொல்லி அவள் வாங்கிக் குடித்தாள்.