அட நியாரிஸ்

பினாங்குத் துறைமுகத்தருகே நாங்கள் கட்டும் கிடங்கில், வேலை முடியும் நேரத்தில் தினமும் ஒரு வேடிக்கை நடக்கும். யூசுப் என்ற மலாய்க்கார மண்டோர், நம் ஊர்க் கணக்கில் மேஸ்திரி, ஒவ்வோர் ஆளின் முன்னும் நின்று "அட நியாரிஸ்?" என்பார். கீரமங்கலத்திலிருந்து புதிதாகக் கப்பலேறி வந்த பழனி நெஞ்சை நிமிர்த்தி, "பழனிங்க, கீரமங்கலம்!" என்பான். மண்டோர் மகிழ்ந்து தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போவார்.

"நல்ல மனுசன்தாங்கய்யா," என்றான் பழனி என்னிடம். "ஆனா தெனமும் 'அட, நீ யாரு?'ங்கிறாரு. அம்புட்டு மறதி!"

இங்கே கிராணியாக, அதாவது எழுத்தராக இருக்கும் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மலாயில் 'அட' என்றால் 'உண்டா'. 'நியாரிஸ்' என்றால் மயிரிழையில் தப்பியது. இன்று எதுவும் விழப் பார்த்ததா, யாரும் அடிபடப் பார்த்தார்களா என்பதே கேள்வி. சொன்னவரைத் திட்டுவதில்லை. அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, மறுநாள் முதல் வேலையாக அந்த இடத்தைச் சரிசெய்வார்கள். மண்டோரின் கதை இதைவிட வேடிக்கை. 'கீரமங்கலம்' என்றால் தமிழில் 'எல்லாம் நலம்' என்று நினைத்திருக்கிறார்!

பொருள் தெரிந்ததும் பழனி குரலைத் தாழ்த்தினான். "அப்படின்னா இன்னிக்கு ஒண்ணு நடந்துச்சுங்க. மேல் சாரத்துல பலகை வழுக்கிருச்சு, மூங்கிலப் பிடிச்சுத் தொங்கிட்டேன். கண்டம் கழிஞ்சிருச்சு. வெளிய சொல்லிராதீங்க, திரும்பி வந்துரும்."

அந்தச் சொல்லை நானும் ஒரு நாள் சொன்னவன்தான். எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம், என் ஊரான கறம்பக்குடியில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்கு நான் ஓவர்சியர். சாரத்துக் கயிறு அறுந்து பலகை சரிந்தது. கருப்பையா என்ற கொத்தனார் சுவரைப் பற்றிக்கொண்டு தப்பினார். எங்களுக்கோ கொண்டாட்டம். பூசணிக்காய் உடைத்தோம், சுண்டல் தின்றோம். "கண்டம் கழிந்தது" என்று முதலில் கைதட்டியவன் நான். கயிறு ஏன் அறுந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவனும் நான்தான். மற்றக் கயிறுகளும் அதே இற்றுப்போன சரக்கு. மறுவாரம் இன்னொன்று அறுந்து, கருப்பையாவின் கால் முறிந்து கோணலாகக் கூடியது. சந்தையில் கண்டால் அவரே கும்பிட்டு, "என் நேரமுங்க, நீங்க என்ன செய்வீங்க!" என்பார். மகன் அழைத்ததால் கப்பலேறினேன் என்று ஊரில் சொன்னேன். அந்தக் கும்பிடுக்குப் பயந்து ஓடிவந்தேன் என்பதே உண்மை. இதைப் படிப்பவர்கள் அவரிடம் சொல்லுங்கள்: அது உங்கள் நேரமல்ல கருப்பையா, என் கயிறு.

பழனியைக் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். "கீரமங்கலம்?" என்று சிரித்தார் மண்டோர். "இல்லை, கறம்பக்குடி" என்று என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. பழனி தொங்கிய விதத்தை நடித்துக் காட்டினான். "ஓ, கறம்பக்குடி!" என்று மண்டோர் பொருள் பிடித்துக்கொண்டார். மறுநாள் சாரம் முழுவதையும் சோதித்தார்கள். நாங்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கு நேர் மேலேயே இரண்டு பலகைகள் கட்டுத் தளர்ந்து கிடந்தன. எல்லாம் இறுக்கிக் கட்டிய பிறகே பழனியைத் தேங்காய் உடைக்கவிட்டேன். "வழுக்குனதுக்குத் தேத்தண்ணியா! நாளைக்கு யாருங்கய்யா வழுக்குறது?" என்று அவன் கேட்க, மலாய்க்காரர், சீனர் எல்லோரும் மொழி புரியாமலே சிரித்தார்கள்.

இப்போது இங்கே எது நழுவினாலும் அதற்குப் பெயர் கறம்பக்குடிதான். நேற்று மேலேயிருந்து ஒரு சீனத் தச்சர், "கறம்பக்குடி!" என்று கத்தினார். எல்லோரும் விலகி ஓடினார்கள். ஊரிலிருந்து யாரோ கூப்பிடுவதாக எண்ணி நான் மட்டும் கடலின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். "இங்கிட்டு வாங்கய்யா!" என்று பழனி இழுத்த பிறகே, நான் நின்ற இடத்தில் சுத்தியல் விழுந்ததைக் கண்டேன்.

சாயங்காலம் மண்டோர் என் முன்னே வந்து நின்றார். "அட நியாரிஸ்?" பழனியின் காதில் விழுந்த 'அட, நீ யாரு?'வும் எனக்குச் சேர்ந்தே கேட்டது. இரண்டுக்கும் ஒரே பதில்தான் இருந்தது. சொல்லிவிட்டுத் தேநீரை வாங்கிக்கொண்டேன்.