கேஸ் தீரும் வரை

2024 ஜூலை 10, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். கோலம் போடுவது மாசி மாதத்தோடு நின்றுவிட்டது, அன்றும் போடவில்லை. முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் டிரம்மைப் பார்த்தேன்.

அது கோபர் கேஸ் டிரம். கிணறு மாதிரி வட்டமாகச் செங்கல் கட்டிய குழிக்குள் கரைத்த சாணம் நிற்கும். அதன் மேல் பெரிய இரும்பு டிரம் ஒன்றைக் கவிழ்த்திருப்பார்கள். வாயு சேரச் சேர டிரம் எழும்பும். அடுப்பு எரிய எரிய இறங்கும். என் வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் வெள்ளை பெயிண்டால் மூன்று கோடுகள் போட்டு வைத்திருந்தார். மூன்றும் தெரிந்தால் விருந்தாளிகள் வரலாம். இரண்டு தெரிந்தால் வீட்டுச் சமையலுக்குப் போதும். ஒன்று மட்டும் தெரிந்தால் டீயோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அன்று காலை அந்த ஒரு கோடும் முழுதாகத் தெரியவில்லை.

அவர் மாசியில் இறந்துபோனார். நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னார். ஆட்டோ பொம்மிடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வைகாசிக் கடைசியில் மாட்டை விற்றோம். எனக்கு இடது தோள் இறுகிப்போய், கை ஓர் அளவுக்கு மேல் எழும்பாது. சோளத்தட்டுக் கட்டைத் தலைக்குத் தூக்க முடியாது, பால் கறக்கவும் முடியாது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் வந்து, விலை பேசி விற்றுக்கொடுத்தான். வாங்கியவர் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டி ஓட்டிப்போனார். எங்கள் கயிறு கொட்டகைத் தூணிலேயே இருந்தது.

அன்றைக்கே மகன் சொன்னான். "மாடும் போச்சு. நீ மட்டும் இங்க இருந்து என்னாம்மா பண்ணப் போற? எங்ககூட வந்துடு."

மருமகளும் போனில் சொன்னாள். "ஒரு ரூமு சும்மாதான் கெடக்குதுங்கத்த. வந்து நிம்மதியா இருங்க."

"குழியில கேஸ் இன்னும் இருக்குது. இருக்கறத எதுக்கு வீணாக்கறது? தீரட்டும், வரன்" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. இந்த வீட்டில் எதைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பேச்சுதான் முதலில் வாயில் வரும். சோப்பாகட்டும், எண்ணெயாகட்டும், மிளகாய்த்தூளாகட்டும், இருப்பதைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்தது. மகன் அதைக் கெடுவாக எடுத்துக்கொண்டான். கேஸ் தீர்ந்ததும் வீட்டைப் பூட்டுவது, நிலத்தைக் கொழுந்தனாரிடம் விடுவது, நான் ஓசூருக்குப் போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. தினமும் ஷிப்ட் முடிந்து போன் செய்வான். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் "கேஸ் இருக்குதாம்மா?" என்பான். "இருக்குது" என்பேன். போக வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை, இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. டிரம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை டீ வைத்தேன். பால் பக்கத்து வீட்டிலிருந்து, என் தூக்குப்போசியில். பக்கத்து வீடு கொழுந்தனாருடையது. அவர் மனைவி, என் ஓரகத்தி, இரண்டு மாடு வைத்திருக்கிறாள். டீத்தூளை மறுபடி ஒரு கொதி விட்டு வடிகட்டி, சக்கையைக் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டேன். முந்தின நாள் களியைத் தண்ணீரிலிருந்து எடுத்து மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்தேன். தொட்டுக்கொள்ள வறுத்த மோர் மிளகாய்.

பத்து மணிக்குச் சமைத்தேன். ஊறவைத்திருந்த அவரைக்கொட்டையைக் குழம்பு கூட்டிக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு, சட்டியோடு வைக்கோல் திணித்த கூடைக்குள் இறக்கி, பழைய போர்வையால் மூடினேன். மதியத்துக்குள் கூடையிலேயே வெந்துவிடும். அரிசியும் அப்படித்தான். இந்தக் கூடை இருபது வருடமாக அடுப்படியில் இருக்கிறது. வைக்கோல் மட்டும் அறுப்புக்கு அறுப்பு புதிது. எங்களுக்கு சிலிண்டர் கிடையாது. ஊரில் எல்லோரும் வாங்கியபோது, "சாணி இருக்கறப்ப சிலிண்டர் எதுக்கு?" என்று அவர் வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து குப்பை என்று எதுவும் தெருவுக்குப் போனதில்லை. அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாம் மாட்டுத் தொட்டிக்கு. மாடு போட்ட சாணம் குழிக்கு. குழியில் வரும் வாயு அடுப்புக்கு. குழியிலிருந்து வழியும் கரைசல் பின்னால் இருக்கும் கத்திரிக்கும் முருங்கைக்கும். அங்கே பறித்தது மறுபடி அடுப்புக்கு. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. எதையும் கொட்ட மனம் வராத இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தோம், அவ்வளவுதான்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவருடைய வேட்டிகளில் நைந்தது ஒன்றை எடுத்துக் கிழித்தேன். கரையைத் தனியாகப் பிரித்தேன்; அது கொடியைப் பந்தலில் கட்ட ஆகும். மீதியில் நான்கு துணிகள் வந்தன. இரண்டு சூடான பாத்திரம் பிடிக்க, ஒன்று மாவு மூட, ஒன்று அடுப்பு துடைக்க. ஓரம் தைத்து மடித்து வைத்தேன். பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வத்தல்மலைப் பக்கம் மேகம் கூடியிருந்தது. மழை வரவில்லை.

ஆறரைக்குக் களிக்கு உலை வைத்தேன். தண்ணீர் கொதித்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, கிண்டும் கோலை நடுவில் நிறுத்தி வேகவிட்டேன். சுடர் மஞ்சளாகி ஆடியது. குழாயில் தண்ணீர் கோத்திருக்கும் என்று வால்வைத் திருப்பிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. சுடர் ஒரு தரம் குதித்து அடங்கிவிட்டது. தீக்குச்சி கிழித்துக் காட்டினேன். பிடிக்கவில்லை.

மாவு பாதி வெந்து நின்றது. களி காத்திருக்காது, ஆறினால் கட்டி தட்டிவிடும். புதிதாகத் தைத்த துணியால் சட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஓரகத்தி வெளி அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க்கா, சட்டியத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் வரீங்க?"

"கேஸ் நின்னுடுச்சு. களி பாதியில நிக்குது."

"வெய்ங்க, வெய்ங்க." அடுப்பிலிருந்த வெந்நீர் அண்டாவை இறக்கினாள். "உங்க கொழுந்தனாருக்குக் காயவெச்சது. அவரு ஒரு நாளு குளிக்காட்டி ஊரு நாறிடாது."

உள்ளேயிருந்து கொழுந்தனார், "எனக்குக் கேக்குது" என்றார்.

"கேக்கணும்னுதான் சொல்றன்." என் கையிலிருந்து கோலை வாங்கினாள். "அந்தத் தோள வெச்சுக்கிட்டு நீங்க கிண்ட வேணாம், வுடுங்க." சட்டியைக் காலால் இடுக்கிக்கொண்டு கிண்டினாள். "கட்டி தட்டிடுச்சுங்க்கா. நம்ம மாமியாரு இருந்திருந்தா இத உருட்டி உங்க மண்டையிலயே வெச்சிருப்பாங்க."

"உன் மண்டையிலயுந்தான். கிண்டினது நீ."

அவள் சிரித்தாள். பிறகு கோலை நிறுத்திவிட்டு, "அப்பத் தீந்துதுங்களா?" என்றாள்.

"தீந்துது."

"பையனுக்குச் சொல்லிட்டீங்களா?"

"அவனே கூப்புடுவான்."

"இந்த ஞாயித்துக்கெழமையே வந்து நிப்பான், பாருங்க. அடுத்த வாரம் ஆடி பொறக்குது. பொறந்துட்டா வூடு மாத்த மாட்டாங்க." கொஞ்ச நேரம் தணலைப் பார்த்தாள். "சட்டி கனமா இருக்குது. நான் எடுத்தாறன், நடங்க."

வீட்டுக்கு வந்ததும் டிரம்மைப் பார்க்கவேண்டும் என்றாள். போன் வெளிச்சத்தில் பார்த்தோம். டிரம் குழிக்குள் முழுக்க உட்கார்ந்திருந்தது. ஒரு கோடும் இல்லை. அவள் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுப்படி வாசலில் மதியம் சேர்த்து வைத்திருந்த கழுநீர் போசியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்த் தொட்டியில் ஊற்றினேன். ஊற்றியது வழிந்து என் கால்மேல் கொட்டியது.

"அக்கா."

திரும்பினேன். போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றிருந்தாள்.

"யாருக்குங்க்கா ஊத்தறீங்க?"

தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. மேலே நுரை கட்டியிருந்தது. நுரையில் புடலங்காய்க் குடலும் வாழைக்காய்த் தோலும் கறுத்து மிதந்தன. புளிச்ச வாடை அப்போதுதான் என் மூக்குக்கு எட்டியது.

"மாடு போயி ஒரு மாசம் ஆவுதுங்க்கா."

மாடு இல்லை என்பது எனக்குத் தெரியும். அது போன அன்று கொட்டகையைக் கூட்டிக் கழுவியது நான்தான். மகளிர் குழுவுக்குப் பல வருடம் கணக்கு எழுதிய பழக்கத்தில், என்ன சமைத்தேன், எவ்வளவு மிஞ்சியது என்று தினமும் எழுதி வைக்கிறவள் நான். கழுநீரை எங்கே ஊற்றுகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால், செடிக்கு என்றுதான் சொல்லியிருப்பேன். பொய்யென்று நினைத்துச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஓரகத்தி பக்கத்தில் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போலீசு வந்தா சாராயம் காச்சறீங்கன்னு புடிச்சுக்கிட்டுப் போயிடும். கவுத்து வுட்டுடலாங்களா?"

"வேணாம்."

"பின்ன?"

"குழிக்கு ஊத்தலாம். கஞ்சி புளிச்சா கேஸ் நல்லா வரும்னு அவரு சொல்வாரு. மொத்தமா ஊத்தக் கூடாது. தெனம் கொஞ்சம், சாணியோட கரைச்சு."

"சாணிக்கு எங்க போவீங்க?"

தூணில் கிடந்த கயிற்றைப் பார்த்தேன்.

"ஏன், எங்க மாடு போடறது உங்களுக்குச் சாணியாத் தெரியலீங்களா?"

"உங்க எருக்குழிக்கு என்னா பண்ணுவீங்க?"

"குழியில வழியறத எங்க கத்திரிக்கு வுட்டுடுங்க. சரியாப் போச்சு." என் காலைப் பார்த்தாள். "மொதல்ல போயிக் கழுவுங்க. நாறுது."

அவள் போன பிறகு கால் கழுவினேன். களியைத் தட்டில் போட்டு, கூடையிலிருந்த அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றிக்கொண்டேன். குழம்பு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. களியில் கட்டிகள் இருந்தன, அவற்றையும் சாப்பிட்டேன். மிஞ்சிய களியை உருட்டித் தண்ணீரில் போட்டேன். அப்போது போன் அடித்தது.

"கேஸ் இருக்குதாம்மா?"

"தீந்துடுச்சு. களி கிண்டறப்ப நின்னுடுச்சு."

"அப்பிடியா." குரலில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வேலை ஒன்று முடிந்த குரல். "அப்ப ஞாயித்துக்கெழம வண்டி எடுத்தாறன். பாத்திரம் எல்லாம் வேணாம், துணிமணி மட்டும் எடுத்து வெய்யி."

"தொட்டியில கழுநீர் கெடக்குது."

"எந்தத் தொட்டி?"

"மாட்டுத் தொட்டி. ரொம்பிக் கெடக்குது."

"மாடே இல்லயேம்மா."

"ஆமா. மாடு இல்ல."

 பின்னால் மருமகள் குழந்தைக்குச் சோறு ஊட்டும் சத்தம் கேட்டது. ஒரு வாய்க்கு ஒரு வண்டி பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தெனமும் அதுலதான் ஊத்தினியா?" என்றான் பிறகு.

"ஊத்தியிருக்கறன்."



"அத என்னாம்மா பண்ணப் போற?"

"உங்க சித்தி சாணி தரன்னு சொல்லுது. கரைச்சுக் குழியில வுடறன். கேஸ் வரும். இருக்கறத எதுக்கு வீணாக்கறது?"

"அது எத்தினி நாளைக்கு வரும்?"

"தெரியல. சோறாக்கினா மறுபடி கழுநீர் வரும்."

அதைச் சொன்ன பிறகுதான் நானும் அதைக் கேட்டேன். ஒரு ஆள் சோற்றுக்கு ஒரு ஆள் கழுநீர்தான் வரும். அது எவ்வளவு கேஸ் தரும் என்று அவர் இருந்தால் சொல்லியிருப்பார். எனக்குத் தெரியாது. முதல் சுடர் வரவே சில நாள் ஆகலாம். அதுவரை பக்கத்து வீட்டு அடுப்பு.

"சரிம்மா" என்றான் மகன். "ஞாயித்துக்கெழம சும்மா வரன். வண்டியில்லாம, பஸ்ஸுல. வந்து பாக்கறன்."

"வா. புள்ளையையும் கூட்டிக்கிட்டு வா."

"தோளுக்கு மருந்து தேய்ச்சியா?"

"தேய்க்கறன்."

தேய்த்துக்கொண்டு படுத்தேன். தூக்கம் வந்தது.

மறுநாள் காலை எழுந்ததும் வாசலைக் கூட்டவில்லை. டிரம்மைப் பார்க்கவும் போகவில்லை. அதில் பார்க்க ஒன்றுமில்லை. வாளியை எடுத்துக்கொண்டு ஓரகத்தியின் கொட்டகைக்குப் போனேன். அவள் எனக்கு முன்பே எழுந்து சாணத்தை ஓரமாகக் குவித்து வைத்திருந்தாள். அரை வாளி அள்ளிவந்து குழி ஓரத்தில் சாணம் கரைக்கும் வாய்த் தொட்டியில் கொட்டினேன். மாட்டுத் தொட்டியில் நுரையை ஒதுக்கி, புளித்த கழுநீரை அரை வாளி மொண்டு அதன் மேல் ஊற்றினேன். வலது கையை விட்டுக் கட்டியெல்லாம் உடையும்வரை கரைத்தேன். வைக்கோல் துணுக்குகளைப் பொறுக்கி வெளியே போட்டேன். பிறகு அடைப்பை எடுத்துவிட்டேன். கரைசல் சுழன்று குழிக்குள் இறங்கியது.