பலாக்காய்க்குள் போன புஷ்ராடு

இருந்தவர்கள்: தோப்பைக் குத்தகைக்கு எடுத்த தங்கச்சி. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த அவள் புருஷன். காய் வெட்ட மரமேறும் அண்ணன். மெக்கானிக் நான். ஜீப்பும் இருந்தது. இழுக்க உயிர் இல்லை.

கறம்பக்குடியிலிருந்து உள்ளே தள்ளிய பலாத் தோப்பு. முதல் நாள் நல்ல மழை. தோப்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் முழங்கால் அளவு சேறு. லாரி உள்ளே வராது. டிராக்டரெல்லாம் உழவுக்குப் போய்விட்டது. நாலு சக்கரமும் இழுக்கிற அந்தப் பழைய ஜீப் ஒன்றுதான் வழி.

வெட்டிக் குவித்த காய் இருநூற்றுப் பன்னிரண்டு. நாலு மணிக்கு லாரி ரோட்டில் வந்து நிற்கும்.

"பொம்பளைக்கு எதுக்குத் தோப்புன்னு ஊரே கேட்டுச்சுண்ணே. மொத குத்தகை. லாரி காலியாத் திரும்புனா அவுக சொன்னதுதான் நெசமாயிரும்" என்றாள்.

நான் இன்ஜின் மேல்மூடியைக் கழற்றினேன்.

உள்ளே எட்டு வால்வு. ஒவ்வொன்றையும் ஒரு ராக்கர் அமுக்கும். ராக்கரைக் கீழேயிருந்து ஒரு நீளக் கம்பி தூக்கும். அதுதான் புஷ்ராடு. ராக்கர்களைக் கோர்த்திருந்த தண்டு அடிப்பக்கம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. வால்வை அமுக்கும் ராக்கர் மூக்குகளில் குழி. பிறகு எப்படி இழுக்கும்? புதுத் தண்டும் ராக்கருக்குள் போகும் புஷ்ஷும் கொண்டுபோயிருந்தேன். மாற்றினேன். மூக்குகளை எண்ணெய்க் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கினேன்.

புஷ்ராடு எட்டும் நன்றாக இருந்தன. ஆனால் எது எந்தக் குழியில் இருந்ததோ அதிலேயே போடவேண்டும். மாறினால் மறுபடி தேயும். அதற்காக வாழைத்தண்டு ஒன்றை வெட்டிக் கிடத்தி, ஊதுபத்தி மாதிரி வரிசையாகக் குத்திவைப்பேன். இருபது வருஷமாக இப்படித்தான். ஒன்றும் தொலைந்ததில்லை.

அன்றைக்கு மாட்டப் போனால் ஏழு. மூன்றாவது துளை காலி.

தங்கச்சி முகம் செத்துவிட்டது. புது ராடு வேண்டுமென்றால் தஞ்சாவூர் போகவேண்டும். அவள் புருஷன் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஏங்க, இங்கிட்டு இருந்த கம்பியப் பாத்தீங்களா?"

"வாழத்தண்டுல குத்தியிருந்ததா? நீதானே வீட்டுக்கு ஒரு காய்க்குக் குச்சி ஏத்தச் சொன்ன?"

காம்போரம் குச்சி அடித்துவைத்தால் காய் சீக்கிரம் பழுக்கும். எங்கள் பக்கம் செய்வதுதான்.

"வேப்பங்குச்சிய அடிங்கன்னேன்!"

"இரும்புன்னா சூடு புடிக்கும், வெரசாப் பழுக்கும்னு..."

"எந்தக் காயில அடிச்சீங்க?"

அவர் குவியலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"சிங்கப்பூர்ல இப்புடித்தான் பழுக்க வைக்கிறாகளா மாப்ளே?" என்றார் மரமேறும் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

கைதவறி விழும் நட்டு எடுக்க என்னிடம் ஒரு காந்தம் உண்டு. அதை எடுத்தேன். ராடு முழுசாக உள்ளே இறங்கிப் பாலில் மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அவர்கள் காயைப் புரட்டிப் புரட்டிக் கொடுக்க, நான் காம்பு காம்பாகத் தொட்டுக்கொண்டே போனேன். கையெல்லாம் பால். ஒரு மணி நேரம் போனது.

டக்கென்று ஒட்டியது.

தங்கச்சிதான் முதலில் சிரித்தாள். சேற்றில் உட்கார்ந்து சிரித்தாள். அண்ணன் காயை மோந்து பார்த்தார்.

"மாப்ளே, இது நேத்தே பழுத்துப்போச்சு. இதுக்குப் போயி இரும்ப ஏத்தியிருக்கீக."

பிசினைத் தேங்காய் எண்ணெய் தடவி வழித்தேன். டீசலில் கழுவி மூன்றாம் குழியில் இறக்கினேன். ராக்கரை முறுக்கி, வால்வுக்கு வால்வு இடைவெளி பார்த்து வைத்தேன். சாவியைத் திருப்பினாள். முன்பு உரலில் இடிக்கிற மாதிரி கேட்ட இன்ஜின், தையல் மிஷின் மாதிரி ஓடியது. அவள் புருஷன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு கையும் ஒட்டிக்கொண்டது.

டிரைலரை மாட்டி மூன்று நடை. சேற்றில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நடுவில் அந்தப் பழத்தை அரிந்து நாலு பேரும் தின்றோம். நல்ல தேன். இன்ஜின் ஆயில் வாடை துளி இல்லை.

லாரி நின்றது. டிரைவர் எண்ணி ஏற்றினார். தங்கச்சி பக்கத்தில் நின்று சத்தமாகக் கூட எண்ணினாள்.

இருநூற்றுப் பதினொன்று.